துண்டை எடுத்துட்டு விலையைச் சொல்லச் சொல்லுங்க, மாப்ளை

கட்டிட்டீங்களா, இன்னும் இல்லீங்களா? போன்ல மெசேஜ் வந்துச்சு, 'ரினியூ'ன்னு ஒரு பொத்தான் இருந்துச்சு, அமுக்கிட்டேன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க மாப்ளை. போன வருசம் அப்படித்தான் அமுக்குனீங்க. அதுக்கு முந்தின வருசமும் அதே பொத்தான், அதே வெரல். காரு இன்சூரன்ஸுக்கு எவ்வளவு ஆச்சுன்னு கேட்டா, "ஏதோ பத்து பன்னெண்டு வரும் மாமா"ங்கறீங்க. பத்துக்கும் பன்னெண்டுக்கும் நடுவுல ரெண்டாயிரம் ரூபாய் கெடக்குது. அது உங்களுக்கு 'ஏதோ'. உங்க அப்பாரு ஒரு சினை எருமை வாங்கறதுக்குக் கருங்கல்பாளையம் சந்தைக்கு வியாழக்கிழமை தவறாம நடப்பாரு. பல்லைப் பிடிச்சுப் பார்ப்பாரு, மடியைத் தொட்டுப் பார்ப்பாரு, சுழி பார்ப்பாரு, நடக்க உட்டுப் பார்ப்பாரு. கடைசியில வாங்காம வந்துருவாரு. அந்த மனுசன் பேரன் நீங்க. சரவணம்பட்டியில ஏசி ரூம்ல உக்காந்து கம்பெனிக்காரனுக்குக் கோடிக்கணக்குல மிச்சம் பண்ணிக் குடுக்கறீங்க. பெரிய எடம், நாங்க என்னத்தைச் சொல்றது.

நான் மாட்டுத் தரகு பண்ணுனவன். எனக்குக் காரைப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா விலையைப் பத்திக் கொஞ்சம் தெரியும். உங்க பாலிசிப் பேப்பரை முழுசாப் படிச்சேன், மாப்ளை. பூதக்கண்ணாடி வெச்சுப் படிச்சேன். அன்னைக்கு தினத்தந்தி வரலை, வேற வேலையும் இல்லை. கம்பெனிக்காரன் அதை எழுதுனப்பவே, இதைப் படிக்கப் போறவன் ஒருத்தனும் இல்லைங்கற தைரியத்துலதான் எழுதியிருக்கான். நான் ஒருத்தன் இருக்கறது அவனுக்குத் தெரியாது.

சந்தையில நாங்க ரெண்டு தரகனும் கையைத் துண்டுக்குள்ள உட்டு, வெரலைப் பிடிச்சு விலை பேசுவோம், பார்த்திருக்கீங்களா? எதுக்குத் துண்டு? பக்கத்துல நிக்கறவனுக்கு வெலை தெரியக் கூடாது. ஒரே மாடு. உங்களுக்கு ஒரு வெலை, உங்க பின்னால வர்றவருக்கு ஒரு வெலை. உங்க காரு இன்சூரன்ஸும் 2007 ஜனவரி 1-ந் தேதி அந்தத் துண்டுக்குள்ள போயிருச்சு. அதுக்கு முந்தி டாரிஃப்னு ஒரே பட்டியல், எந்தக் கம்பெனிக்குப் போனாலும் ஏறக்குறைய ஒரே வெலை. அப்புறம், வண்டிச் சேதத்துக்கு உண்டான கட்டணத்தை அவங்கவங்களே வெச்சுக்கலாம்னு கயித்தை அவுத்து உட்டாங்க. அன்னையிலிருந்து கேக்கறவனுக்கு ஒரு வெலை, கேக்காதவனுக்கு ஒரு வெலை. நீங்க எந்தக் கூட்டம்னு நான் வாயால சொல்லணுமா?

இப்ப அந்தப் பேப்பரை எடுங்க. வெலை ரெண்டு கூறா இருக்கும். ஒண்ணு தேர்டு பார்ட்டி. நீங்க யாரையாச்சும் இடிச்சுப்போட்டா அவங்களுக்குக் குடுக்கறதுக்கு. இன்னொண்ணு ஓன் டேமேஜ், ஓ.டி. உங்க வண்டி அடிபட்டாலோ களவு போனாலோ உங்களுக்கு வர்றது. இதுல மொதக் கூறுல பேரமே கெடையாது. அந்த வெலையை மத்திய அரசாங்கம் கட்டி வெச்சிருக்குது. 2022 ஜூன் 1-ல அமலுக்கு வந்த பட்டியல்படி, 1000 சிசி வரைக்கும் உள்ள காருக்கு வருசம் 2,094 ரூபாய். 1000-க்கு மேல 1500 வரைக்கும் 3,416. அதுக்கும் மேல போனா 7,897. உங்க காரு 1197 சிசி, ஆர்.சி. புக்குல பார்த்தேன். அப்ப 3,416, அதுக்கு மேல ஜி.எஸ்.டி. 18 சதவீதம். கூட்டுனா 4,031 ரூபாய். கன்னியாகுமரியில கேட்டாலும் அதுதான், காஷ்மீர்ல கேட்டாலும் அதுதான். எலெக்ட்ரிக் காருக்கு இதுல 15 சதவீதம் கம்மி. அதுக்காக நாளைக்கே காரை மாத்தப் போயிராதீங்க.

இந்த நெலையான வெலையில ஒரு சூட்சுமம் இருக்குது. உங்க ஆபீஸ்ல எவனாச்சும், "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்காரு, தேர்டு பார்ட்டியை 1,500 ரூபாய்க்குப் போட்டுத் தர்றாரு"ன்னு சொன்னா, அங்கயே அவனைப் பிடிச்சுக்கலாம். சட்டம் கட்டி வெச்ச வெலையைக் குறைக்கறதுக்கு எந்தக் கம்பெனிக்கும் அதிகாரம் கெடையாது. குறைச்சுக் குடுக்கறான்னா அவன் குடுக்கறது பாலிசி இல்லை, வெறும் காகிதம். ஜெராக்ஸ் கடையில அதைவிடக் கம்மியாக் கெடைக்கும். பேப்பர்ல கியூஆர் கோடு இருக்குதான்னு பாருங்க. எம்-பரிவாகன்ல வண்டி நம்பரைப் போட்டா எந்தத் தேதி வரைக்கும் இன்சூரன்ஸ் இருக்குதுன்னு காட்டும். காட்டலைன்னா ஆளைத் தேடுங்க. ஆளு கெடைக்க மாட்டான், அது வேற நாயம்.

அப்புறம், இந்தத் தேர்டு பார்ட்டி போலீஸ்காரருக்குக் காட்டறதுக்குன்னு நெனைச்சுட்டு இருக்கீங்க. இல்லாம ஓட்டுனா மொதத் தடவை 2,000 ரூபாய் அபராதம், மறுதடவை 4,000, மூணு மாசம் வரைக்கும் உள்ளயும் வெக்கலாம். ஆனா அந்த ரெண்டாயிரத்துக்காகவா மோட்டார் வாகனச் சட்டத்துல 146-வது பிரிவுன்னு ஒண்ணை எழுதி வெச்சாங்க? ஒரு உசுரு போச்சுன்னா டிரிப்யூனல்ல எவ்வளவு தீர்ப்பாகும்னு யாராலயும் சொல்ல முடியாது, அதுக்கு உச்சவரம்பே கெடையாது. அதைக் கட்டறதுக்குக் கம்பெனி இல்லைன்னா உங்க தோட்டம்தான் போகும். புதுக் காரு எடுக்கறவங்க மூணு வருசத் தேர்டு பார்ட்டியை ஒரே மொத்தமாக் கட்டணும்னு 2018 செப்டம்பர்லருந்து இருக்குதுல்ல, அது எப்படி வந்துச்சு தெரியுமா? நம்ம கோயமுத்தூர் கங்கா ஆஸ்பத்திரி எலும்பு டாக்டர் ராஜசேகரன் சுப்ரீம் கோர்ட்டுல போட்ட வழக்கு. ரோட்டுல அடிபட்டு வந்தவங்களைப் பார்த்துப் பார்த்து அந்த மனுசன் கோர்ட்டுக்கே போயிட்டாரு. அதனால அந்தக் கூறை முணுமுணுக்காமக் கட்டிருங்க. அங்க மிச்சம் பிடிக்கறதுக்கு ஒண்ணும் இல்லை.

ஒண்ணும் இல்லைன்னு சொன்னா, ஒரு கெட்டிக்காரன் வருவான். இடிச்சுப் போட்ட பொருளுக்கு உண்டான பொறுப்பு 7,50,000 ரூபாய் வரைக்கும் கம்பெனி ஏத்துக்குது. அதை 6,000-மாக் கொறைச்சுக்கிட்டா 100 ரூபாய் கழிவு உண்டு. நூறு ரூபாய்க்கு ஆசைப்பட்டு 7,44,000 ரூபாயைத் தன் தலையில தூக்கி வெச்சுக்கறவன் இருக்கான், மாப்ளை. நீங்க பென்ஸ் காரு பின்னாடி ஒட்டிக்கிட்டு ஓட்டறவரு. அந்தக் கட்டத்துல டிக் கிக் அடிச்சு வெச்சிருக்கீங்களான்னு பார்த்துக்கங்க.

துண்டு கெடக்கறது ஓ.டி.யிலதான். இங்க மூணு வெலை வாங்குங்க. ஒண்ணு உங்க இப்பத்த கம்பெனிகிட்ட. ஒண்ணு, எல்லார் வெலையையும் ஒப்பிட்டுக் காட்டற வெப்சைட் திரையில. எல்லாக் கம்பெனியும் அந்தத் திரையில நிக்காது, அதனால இன்னொண்ணு நேராப் போயி வாங்கணும். அரசாங்கக் கம்பெனியே நாலு இருக்குது: நியூ இந்தியா, நேஷனல், ஓரியண்டல், யுனைடெட் இந்தியா. தனியார்ல சென்னைக்காரங்களே ராயல் சுந்தரம், சோழமண்டலம் எம்.எஸ்.னு ரெண்டு பேரு. எது கம்மின்னு என்கிட்டக் கேக்காதீங்க. உங்க வண்டிக்கு ஒருத்தன் கம்மியாப் போடுவான், உங்க மச்சான் வண்டிக்கு அவனே எச்சாப் போடுவான். வண்டி ஜாதி, வயசு, எந்த ஊரு நம்பருன்னு அவனவனுக்கு ஒரு கணக்கு. பழைய டாரிஃப்லயே சென்னைப் பதிவு வண்டி 'ஏ' மண்டலம், நம்மூரு 'பி' மண்டலம். அவங்களுக்கு எச்சு, நமக்குக் கம்மி. பெரிய ஊருல இருந்தா மருவாதை எச்சு, பிரீமியமும் எச்சு.

ஒரு எச்சரிக்கை. அந்தத் திரையில உங்க போன் நம்பரைத் தட்டுன நிமிசத்துலருந்து உங்களுக்கு ஏகப்பட்ட ஒறம்பரை மொளைச்சுருவாங்க. "சார், டின்னர் ஆச்சுங்களா?"ன்னு கேப்பாங்க. உங்க ஊட்டுல யாரும் அப்படிக் கேட்டது கெடையாது, அதனால உருகிப்போயி சரி போட்டுடுங்கன்னு சொல்லிராதீங்க. ஒரே கேள்வி கேளுங்க: ஐ.டி.வி. எவ்வளவு?

இந்த ஐ.டி.வி.யிலதான் எல்லா வித்தையும் ஒளிஞ்சு கெடக்குது. வண்டி களவு போனாலோ, பழுது பாக்கற செலவு ஐ.டி.வி.யில 75 சதவீதத்தைத் தாண்டிப் போச்சுன்னாலோ, கம்பெனி உங்க கையில குடுக்கற தொகை அதுதான். மொத வருசத்துலருந்து அதுக்கு ஒரு அட்டவணை இருக்குது. ஆறு மாசம் வரைக்கும் 5 சதவீதம் கழிப்பாங்க, ஒரு வருசத்துக்குள்ள 15, ரெண்டாவது வருசம் 20, மூணாவது 30, நாலாவது 40, அஞ்சாவது 50. அஞ்சைத் தாண்டிட்டா அட்டவணை கெடையாது. உங்களுக்கும் கம்பெனிக்கும் பேச்சு ஒத்து வர்ற வெலைதான். உங்க காரு இந்த வருசம் அஞ்சைத் தாண்டுது, மாப்ளை. அப்ப என்ன அர்த்தம்? இத்தனை வருசமாத் துண்டுக்குள்ள அவன் வெரல் மட்டும்தான் இருந்துச்சு. இனிமேத்தான் உங்க வெரலுக்கும் எடம் இருக்குது.

நம்மாளு என்ன பண்ணுவான்னா, மூணு வெலையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, எது சின்ன நம்பரோ அதைத் தொட்டுருவான். அந்தச் சின்ன நம்பர் எப்படிச் சின்னதாச்சு? ஒருத்தன் உங்க காரை அஞ்சு லட்சம்னு எழுதியிருக்கான், இன்னொருத்தன் நாலு லட்சம்னு எழுதியிருக்கான். நாலு லட்சத்துக்காரன் ஆயிரமோ ரெண்டாயிரமோ கம்மியாக் கேக்கறான். கேக்க மாட்டானா பின்ன? நாளைக்கு வண்டி காணாமப் போச்சுன்னா ஒரு லட்சம் கம்மியாக் குடுக்கப் போறவன் அவன். பால் கறக்கற மாட்டுக்கும் வறமாட்டுக்கும் வெலை கேட்டுட்டு, வறமாடு சல்லிசுன்னு ஓட்டிட்டு வந்தா உங்க அத்தை ஊட்டுக்குள்ள உடுவாளா? அதனால ஒரே ஐ.டி.வி.யைப் போடச் சொல்லுங்க, ஒரே சேர்மானத்தைப் போடச் சொல்லுங்க, கழிவும் ஒரே மாதிரி. அதுக்கப்புறம் பக்கத்துல வெச்சுப் பாருங்க. அப்பத்தான் வெலை வெலையோட பேசும்.

பார்த்துட்டு, கம்மி வெலையை ஒரு தாள்ல எழுதி, பழைய கம்பெனிக்குப் போன் போடுங்க. "அக்கட்ட இவ்வளவுக்குத் தர்றாங்க, நீங்க என்ன சொல்றீங்க?"ன்னு கேட்டுட்டுச் சித்தெ நேரம் வாயை மூடிட்டு இருங்க. அது உங்களுக்குக் கஷ்டம்தான், முயற்சி பண்ணுங்க. கொறைச்சாலும் கொறைப்பாங்க. கொறைச்சாங்கன்னா, "அப்ப போன வருசம் ஏன் கொறைக்கலை?"ன்னு சண்டைக்குப் போயிராதீங்க. துண்டுக்குள்ள பேசுனது துண்டுக்குள்ளயே இருக்கணும்.

சேர்மானம்னு சொன்னேன்ல, பேப்பர்ல 'ஆட்-ஆன்'னு போட்டிருக்கறது, அதுல ரெண்டைத்தான் நான் மதிப்பேன். ஒண்ணு, நம்ம பக்கம் 'பம்பர் டு பம்பர்'னு சொல்றாங்களே, அந்த ஜீரோ டெப்ரிஸியேஷன். அது இல்லைன்னா, பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி எதுவா இருந்தாலும் பில்லுல பாதியைத்தான் கம்பெனி தரும். இப்பத்த காருல இரும்பு எங்கயாச்சும் கண்ணுக்குத் தெரியுதா? முன்னாடி பிளாஸ்டிக், பின்னாடி பிளாஸ்டிக். ஆனா வண்டிக்கு அஞ்சு வயசு தாண்டுனா சில கம்பெனி இதைத் தரமாட்டாங்க, சிலர் தருவாங்க. அதனால உங்களுக்கு இதுதான் மொதக் கேள்வி. புது வண்டிக்கு அஞ்சு வருசம் பம்பர் டு பம்பர் கட்டாயம்னு 2021 ஆகஸ்டுல மெட்ராஸ் ஹைகோர்ட் சொன்னது உண்மைதான். அடுத்த மாசமே அந்த உத்தரவைத் திரும்ப வாங்கிக்கிட்டதும் உண்மைதான். மொதப் பாதியை மட்டும் சொல்லி யாராச்சும் காசு கேட்டா, மிச்சப் பாதியை நீங்க சொல்லுங்க.

இன்னொண்ணு என்ஜின் காப்பு. மழை பேஞ்சா லங்கா கார்னர் பாலத்துக்கடியில தண்ணி எவ்வளவு நிக்கும்னு உங்களுக்கே தெரியும். தெரிஞ்சும் உள்ள உடுவீங்க. நடுத் தண்ணியில நின்னு போனதும் என்ன பண்ணுவீங்க? சாவியைத் திருப்புவீங்க. மறுக்காத் திருப்புவீங்க. என்ஜினுக்குள்ள தண்ணி போயி, ராடு வளைஞ்சு, லட்ச ரூபாய்க்கு வேலை வெச்சுரும். சாதா பாலிசிக்காரன், "வெள்ளம் பண்ணுனதுக்குத் தர்றேன், நீங்களாத் திருப்பிப் பண்ணிக்கிட்டதுக்குத் தரமாட்டேன்"னு சொல்லுவான். 2015 வெள்ளத்துல சென்னைக்காரங்க பல பேரு இப்படித்தான் படிச்சாங்க. தண்ணியில நின்னா எறங்கி வந்துருங்க, வண்டியை இழுத்துட்டுப் போகச் சொல்லுங்க. மத்த சேர்மானமெல்லாம், சாவி தொலைஞ்சா, டயர் வெடிச்சா, பொட்டி காணாமப் போனாங்கறதெல்லாம், உங்க இஷ்டம். சாவியைத் தொலைக்கறதுல நம்ம குடும்பத்துக்கு ஒரு கைராசி இருக்குது, யோசிச்சுக்கங்க.

கழிவுக்கு வருவோம். சின்னச் சின்னதா நெறைய இருக்குது. ஏ.ஆர்.ஏ.ஐ. சான்று வாங்குன திருட்டுத் தடுப்புக் கருவி இருந்தா பழைய டாரிஃப் கணக்குல ஓ.டி.யில 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய். ஆட்டோமொபைல் சங்கத்துல உறுப்பினரா இருந்தா 5 சதவீதம், அதிகபட்சம் 200. அந்த 200-க்காகச் சங்கத்துல சேர்றதுக்கு முன்னாடி சந்தா எவ்வளவுன்னு கேட்டுக்கங்க. 'மொதக் கொஞ்சம் நானே போட்டுக்கறேன்'னு எழுதிக் குடுத்தா அதுக்கும் கழிவு உண்டு. 2,500 ரூபாய் ஏத்துக்கிட்டா 20 சதவீதம், ஆனா 750-க்கு மேல போகாது. 15,000 ஏத்துக்கிட்டா 35 சதவீதம், 2,500-க்கு மேல போகாது. சட்டப்படி கழிக்கற 1,000 ரூபாய் இதுல சேர்த்தி இல்லை, அது எப்பவும் உங்க தலையிலதான். 2,500 மிச்சம் பிடிக்கறதுக்காக 15,000 ரூபாயைத் தனியா எடுத்து வெச்சிருக்கற மனுசனுக்கு அது லாபம். உங்க கையில இருபதாந் தேதிக்கு மேல 1,500 நிக்குதா? நான் ஒண்ணும் சொல்லலை.

உங்களுக்குன்னே வந்த மாதிரி ஒண்ணு இருக்குது. ஓடற கிலோமீட்டருக்கு ஏத்த மாதிரிப் பணம் கட்டறது. 2022 ஜூலையில, இன்சூரன்ஸ் கம்பெனிகளை மேய்க்கற ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அனுமதி குடுத்தாங்க. வாரத்துல பாதி நாள் ஊட்டுலருந்தே வேலை செய்யறீங்க. உங்க காரு ரோட்டுல ஓடுனதைவிட, அது மேல காக்கா உக்காந்த நேரம் எச்சு. போன வருசம் மீட்டர்ல எவ்வளவு ஓடுச்சுன்னு சர்வீஸ் பில்லுல பாருங்க. கம்மியா இருந்தா இந்தத் திட்டத்துக்கும் ஒரு வெலை வாங்குங்க. ஊட்டி, வால்பாறைன்னு சனிக்கிழமை ஆனாக் கெளம்பறதையும் கணக்குல சேருங்க. ஆபீஸ்காரன்கிட்ட மறைக்கற மாதிரி மீட்டர்கிட்ட மறைக்க முடியாது.

எல்லாத்துலயும் பெரிய கழிவு, என்.சி.பி.ங்கற நோ கிளெய்ம் போனஸ். கிளெய்ம் வாங்காம ஒரு வருசம் இருந்தா ஓ.டி.யில 20 சதவீதம், ரெண்டு வருசம் 25, மூணு வருசம் 35, நாலு 45, அஞ்சு 50. அதுக்கு மேல ஏறாது. உங்க பாலிசியில இப்ப 45 ஓடுது, இந்த ரினியூவலுக்கு 50 வரும். வந்துட்டே இருக்கற நேரத்துல நீங்க என்ன பண்ணப் பாத்தீங்க? அபார்ட்மெண்ட் தூண்ல பம்பரை உரசிட்டு, "இன்சூரன்ஸ்லதான் போட்டுக்கலாமே மாமா, சும்மாத்தானே கட்டறோம்"னு கெளம்பினீங்க.

சரி, கணக்குப் போடுவோம். பில்லு 6,000 வருதுன்னு வெச்சுக்கங்க. கட்டாயக் கழிவு 1,000, பிளாஸ்டிக்குக்குப் பாதி, பெயிண்டுக்குப் பாதின்னு போக, உங்க கைக்கு வர்றது 2,500 சொச்சம். இப்ப போறதைப் பாருங்க. உங்க ஓ.டி. போனஸ் கழிக்கறதுக்கு முன்னாடி 10,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். கிளெய்ம் போட்டா அடுத்த வருசம் போனஸ் பூஜ்யம், 5,000 போச்சு. அதுக்கடுத்து 50-க்குப் பதிலா 20, 3,000 போச்சு. அதுக்கடுத்து 25, 2,500 போச்சு. அப்புறம் 35, 1,500. அப்புறம் 45, 500. மொத்தம் 12,500. அதுக்கும் 18 சதவீதம் வரி போட்டா 14,750. வண்டி பழசாக ஆக அந்தப் பத்தாயிரமும் கரையும், அதனால கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும். இருந்தாலும் 2,500 வாங்கறதுக்கு அதை மாதிரி நாலு பங்கு, அஞ்சு பங்கு குடுக்கறவரை எங்க சந்தையில நாங்க தோள்ல தூக்கி வெச்சு டீ வாங்கிக் குடுப்போம். தூண்ல உரசுனதுக்குக் காளப்பட்டி ரோட்டுல டிங்கரிங் பட்டறை இருக்குது. பெருசா அடிபட்டா மட்டும் கம்பெனி வாசலை மிதிங்க. அப்பவும் கூச்சப்படாம முழுசா வாங்குங்க.

அந்தப் போனஸை ஏமாத்தி வாங்கலாம்னு ஒரு யோசனை எல்லாருக்கும் வரும். போன வருசம் கிளெய்ம் வாங்கிட்டு, கம்பெனியை மாத்தி, "எதுவும் வாங்கலை"ன்னு டிக் அடிக்கறது. புதுக் கம்பெனி பழைய கம்பெனியைக் கேட்டா அன்னைக்கே வெளுத்துரும். பாலிசி குடுக்கறப்ப கேக்காம உட்டாலும் கிளெய்ம் வர்றப்ப கேப்பான். பணம் வாங்கறப்ப எல்லாக் கம்பெனியும் நல்லவன், குடுக்கறப்பத்தான் படிக்க ஆரம்பிப்பான். அதே மாதிரி, கண்ணாலத்துக்கு வாடகைக்குன்னு உங்க ஓன் போர்டு காரை சிநேகிதனுக்குத் தாட்டி உடற பழக்கம் இருக்குதுல்ல உங்களுக்கு? வாடகைக்கு ஓட்டக் கூடாதுன்னு பாலிசியிலயே எழுதியிருக்குது. மாலை கட்டுன காரு மரத்துல மோதுனா, ரெண்டாயிரம் ரூபாய் வாடகையை வெச்சுட்டுப் பொண்ணு மாப்பிள்ளைக்கு மொய் எழுதிட்டு வாங்க. கேஸ் கிட் மாட்டியிருந்தா ஆர்.சி.யிலயும் பாலிசியிலயும் ஏத்திருங்க. அதுக்குக் கொஞ்சம் எச்சாக் கேப்பாங்க, குடுத்துருங்க.

உங்க மச்சான் புதுக் காரு புக் பண்ணியிருக்காராமே. ஷோரூம்ல, "எங்ககிட்ட இன்சூரன்ஸ் போட்டாத்தான் கேஷ்லெஸ்"னு சொல்லியிருப்பாங்க. கேஷ்லெஸ்ஸுக்கும் பாலிசி வாங்குன எடத்துக்கும் சம்பந்தமே இல்லை. அந்தக் கம்பெனியோட பட்டியல்ல அந்தப் பட்டறை இருக்கணும், அவ்வளவுதான். ஷோரூம்காரனுக்கு அதுல கமிஷன். நான் தரகன், கமிஷனைத் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா கமிஷனுக்கு மேல கட்டாயமும் பண்ணுனா, அது எங்க தொழிலுக்கே கெட்ட பேரு. வெளிய ஒரு வெலை வாங்கிட்டு வந்து அவங்க மேஜை மேல வெக்கச் சொல்லுங்க. பாதி நேரம் மேஜையே வெலையைக் கொறைச்சுரும்.

தேதியைத் தள்ளிப் போடாதீங்க. கெடுவுக்கு ஒரு மாசம் முன்னாடியே வெலை கேக்க ஆரம்பிங்க. ஒரு நாள் தாண்டுனாலும் பொதுவா வண்டியைப் போட்டோ எடுத்துப் பார்த்துட்டுத்தான் பாலிசி தருவாங்க. 90 நாள் தாண்டிட்டா அஞ்சு வருசமாச் சேர்த்த போனஸ் போயிரும். நடுவுல அந்த ஒரு நாள்ல யாரையாச்சும் இடிச்சீங்கன்னா, அதுக்கு நான் முன்னயே சொன்னேன், தோட்டம்.

கடைசியா ஒண்ணு. இதைத்தான் நான் மொதல்ல பார்த்தேன், பேசி முடிச்சுட்டுச் சொல்லலாம்னு வெச்சிருந்தேன். அந்தப் பேப்பர்ல 'ஓனர் டிரைவர் பி.ஏ. கவர்'னு 15 லட்சத்துக்கு ஒண்ணு சேர்த்திருக்காங்க. வண்டிச் சொந்தக்காரர் ஓட்டறப்ப அடிபட்டாக் குடுக்கறதுக்கு. 2019 ஜனவரியிலருந்து ஒரு ஆளுக்கு அது ஒண்ணு இருந்தாப் போதும், வண்டிக்கு வண்டி கட்ட வேண்டியதில்லை. அது தெரியாம காருக்கு ஒண்ணு, புல்லட்டுக்கு ஒண்ணுன்னு ஊரே கட்டிட்டு இருக்குது. சரி, அதுகூடப் பரவாயில்லை. செல்லுபடியாகற லைசென்ஸ் இருக்கற சொந்தக்காரருக்குத்தான் அந்தக் கவர். உங்க காரு யாரு பேர்ல இருக்குது மாப்ளை? என் தங்கச்சி பேர்ல. அவ சைக்கிள்கூட ஓட்ட மாட்டா. லைசென்ஸ் ஆபீஸ் எந்தத் திசைன்னு தெரியாது. அவ ஸ்டியரிங் பிடிச்சு அடிபடுவாங்கற பயத்துல வருசா வருசம் நீங்க பணம் கட்டிட்டு வர்றீங்க. நாளைக்கே போன் போட்டு, சொந்தக்காரருக்கு லைசென்ஸ் இல்லைன்னு சொல்லி, அந்த வரியை எடுக்கச் சொல்லுங்க.

இன்னொண்ணும் இருக்குது. அந்தப் போனஸ் காருக்குச் சேர்றதில்லை, சொந்தக்காரருக்குச் சேர்றது. காரை வித்தாலும் அவங்களோடயே வரும், மூணு வருசத்துக்குள்ள அவங்க பேர்ல வாங்கற அடுத்த காருக்கு அது ஆகும். நீங்க உங்க பேர்ல புதுக் காரு எடுத்தீங்கன்னா மறுபடியும் பூஜ்யத்துலருந்துதான். தூண்ல உரசுனது நீங்க, லங்கா கார்னர்ல முக்குனது நீங்க. ஆனா இந்தக் குடும்பத்துலயே அஞ்சு வருசமா ஒரு கீறல்கூட உழாம ஓட்டுன டிரைவர்னு கம்பெனி ஏட்டுல இருக்கற ஒரே பேரு உங்கம்மாதான். போயி அவகிட்டச் சொல்லிட்டு வாங்க, நான் வெத்தலை போட்டுட்டு இருக்கேன்.